மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்லூரி ஏற்பாடுகள்: சேர்க்கை நாள் முதல் தேர்வறை வரை

கூடுதல் நேரம் சட்டத்தில் இருக்கிறது. யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, மாணவியின் பையில் இருக்கிறது. ஆனால் அறைக் கண்காணிப்பாளரின் கையிலுள்ள தாளில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. மதியம் 1 மணி ஆனதும் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செமஸ்டர்தோறும் எங்காவது நடப்பது இதுதான். பெரும்பாலும் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. அனுமதிக் கடிதம் துறைத்தலைவரின் மேசை வரை வந்து அங்கேயே நின்றிருக்கும்.

வசதி ஏற்பாடு என்றால் பாதி வேலை ஒரு தாளைச் சரியான கைகளுக்கு நகர்த்துவதுதான். மாணவரிடமிருந்து துறைக்கு, துறையிலிருந்து முதல்வருக்கு, அங்கிருந்து தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, அவரிடமிருந்து தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு, கடைசியில் அறைக் கண்காணிப்பாளருக்கு. ஐந்து கை மாறுகிறது. எந்த இடத்தில் அறுந்தாலும் விளைவு ஒன்றே. அந்தத் தாளை எப்படி உருவாக்குவது, எப்போது நகர்த்துவது, வழியில் என்னவெல்லாம் கெடும் என்பதை மாணவர், பெற்றோர், துறை ஆசிரியர் மூவருக்குமாக இங்கே சொல்கிறோம்.

சட்டத்தில் எதைப் பிடித்துக்கொள்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. பார்வை, கேட்பு, உடல் இயக்கம் மட்டுமில்லை; கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள்செல் நோய், தசைச்சிதைவு, பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. "எனக்கு வெளியில் தெரிகிற குறை எதுவும் இல்லையே" என்று ஒதுங்கி நிற்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கடிதத்தில் எழுத நான்கு பிரிவுகள் போதும். பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள் அந்தந்த மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது. தனியார் கல்லூரியும் அங்கீகாரம் பெற்றதுதான் என்பதை மறக்க வேண்டாம். பிரிவு 17, தேர்வு முறையில் மாற்றம், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிரிவு 32, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீட்டையும் 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வையும் தருகிறது. பிரிவு 3, பாகுபாட்டைத் தடை செய்கிறது.

40 விழுக்காடு என்ற எண்ணைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தேவை. வகுப்பறையிலும் தேர்விலும் வசதி கேட்க அந்த எல்லை இல்லை. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள விகாஷ் குமார், மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன் தொடர்ச்சியாக, 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென 2022 ஆகஸ்ட் 10 அன்று மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. "உங்களுக்கு 30 விழுக்காடுதானே இருக்கிறது" என்று அலுவலகத்தில் சொன்னால், இந்த இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுங்கள்.

சான்றிதழ்: முதல் செமஸ்டருக்கு முன்பே

யுடிஐடி அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் மருத்துவப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். கண், காது, எலும்பு, மனநலம் என ஒவ்வொரு துறையின் மருத்துவரும் எல்லா நாளும் சான்றிதழுக்குப் பார்ப்பதில்லை. எந்தக் கிழமை என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் 60 கிலோமீட்டர் பேருந்தில் வந்து திரும்பிப் போக நேரும். அட்டை கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். +2 தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்தால்தான் ஜூலையில் வகுப்பு தொடங்கும்போது கையில் இருக்கும். வரவில்லையென்றால், விண்ணப்பப் பதிவு எண் உள்ள ரசீதை வைத்துக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம். அட்டைக்காகக் கடிதத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதில் "தற்காலிகம்" என்று இருக்கிறதா, செல்லுபடியாகும் தேதி என்ன என்று பாருங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பள்ளியில் வாங்கியது பத்தாம் வகுப்புக்கும் +2-க்கும் போதுமானதாக இருந்திருக்கும். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும்போது காலாவதியாகிவிடும். 18 வயதானதும் மறுமதிப்பீடு செய்துகொள்ளுங்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். தனியார் உளவியல் ஆலோசகர் தரும் அறிக்கை வகுப்பறை ஏற்பாட்டுக்கு உதவும். தேர்வுக்கு அரசு மருத்துவமனைச் சான்றுதான் நிற்கும்.

எழுதுபவர் வேண்டுமென்றால் இன்னொரு தாளும் தேவைப்படலாம். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதலின்படி, பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்று வகையினர் கேட்டாலே எழுதுபவரைத் தர வேண்டும். மற்ற வகையினர், "இவரால் எழுத இயலாது, எழுதுபவர் அவசியம்" என்று அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு இணையான அதிகாரி தரும் சான்றைக் கூடுதலாக வைக்க வேண்டும். அந்த வழிகாட்டுதலின் பின்னிணைப்பில் அதற்கான படிவம் இருக்கிறது. அதையே அச்சிட்டு எடுத்துப் போங்கள். வெள்ளைத்தாளில் மருத்துவர் தன் நடையில் எழுதிக் கொடுத்தால், "படிவத்தில் இல்லை" என்று தேர்வுப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். பிடிஎஃப் கோப்பாகக் கைபேசியிலும் இருக்கட்டும். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வரக் கூடாது.

நோயின் பெயரை எழுதாதீர்கள், தேவையை எழுதுங்கள்

"நான் மாற்றுத்திறனாளி, தக்க உதவி செய்ய வேண்டுகிறேன்" என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த முதல்வராலும் எதுவும் செய்ய முடியாது. அவர் கையெழுத்துப் போட்டு, "ஆவன செய்க" என்று எழுதி அனுப்புவார். ஆவன என்பது என்ன என்று யாருக்கும் தெரியாது.

கடிதம் எழுதும் முன் ஒரு வாரம், ஒரு நோட்டில் இப்படிக் குறியுங்கள்: எந்த வேலை, எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் தடைப்படுகிறது. பலகையில் எழுதியது மூன்றாவது வரிசைக்குப் பின்னால் தெரியவில்லை. இரண்டாம் மாடி ஆய்வகத்துக்கு ஏற 12 நிமிடம் ஆகிறது. அடுத்த வகுப்புக்கு இடைவேளை 5 நிமிடம்தான். 40 நிமிடம் எழுதியதும் விரல் இறுகுகிறது. ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது உதடு தெரிவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைத் தீர்க்கும் ஒரே ஒரு ஏற்பாட்டை எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் கடிதத்தின் உடல்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நோயின் பெயரை எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பு உரிமை தருகிறது. சான்றிதழை மூடிய உறையில் முதல்வருக்கு மட்டும் கொடுத்து, துறைக்குச் செல்லும் கடிதத்தில் "காலை மருந்தின் விளைவால் முதல் வகுப்பில் மயக்கநிலை, வருகைப் பதிவில் தளர்வு வேண்டும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கடிதம்

சேர்க்கை முடிந்த இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டிய கடிதத்தின் மாதிரி இது. உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்: பெயர், வகுப்பு, பதிவு எண், யுடிஐடி எண்.
பெறுநர்: முதல்வர், கல்லூரியின் பெயர். வழி: துறைத்தலைவர்.
பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 மற்றும் 17-இன்படி கல்வி, தேர்வு வசதிகள் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,
நான் மேற்கண்ட வகுப்பில் பயில்கிறேன். எனக்கு இரு கண்களிலும் குறைபார்வை உள்ளது. சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன். கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டுகிறேன்.
1. வகுப்பில் பயன்படுத்தும் ஸ்லைடுகள், குறிப்புகள் ஆகியவற்றை யூனிகோடு எழுத்துருவில், வகுப்புக்கு முந்தைய நாள் மின்னஞ்சலில் தருதல்.
2. அகமதிப்பீட்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, செமஸ்டர் தேர்வு மூன்றிலும் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம்.
3. 18 புள்ளி அளவில் பெரிய எழுத்து வினாத்தாள்.
4. படம், வரைபடம் சார்ந்த வினாக்களுக்கு அதே மதிப்பெண்ணுள்ள மாற்று வினா.
இக்கோரிக்கையைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்பி, எடுக்கப்பட்ட நடவடிக்கையை 15 நாளுக்குள் எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதிலுக்கு நாள் குறிக்காத கடிதத்துக்குக் கெடுவும் இல்லை, நினைவூட்டக் காரணமும் இல்லை. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "சார்கிட்ட சொல்லிட்டோம், பாத்துக்கறேன்னார்" என்பது ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. அந்த சார் மாற்றலாகிப் போயிருப்பார்.

கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருந்தால் அதற்கும் ஒரு நகல் போகட்டும். இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும், கல்லூரி வெளியில் என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடும் ஆண்டுத் தர அறிக்கையில் 7.1.7 என்ற உருப்படியைத் தேடுங்கள். சாய்தளம், மாற்றுத்திறனாளி கழிப்பறை, திரைவாசிப்பான் மென்பொருள், தேர்வுக்கு எழுதுபவர் என எதையெல்லாம் தருவதாகக் கல்லூரி அறிவித்திருக்கிறது என்று அங்கே இருக்கும். அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கடிதத்தோடு இணைத்தால், "எங்களிடம் அந்த வசதி இல்லை" என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

வகுப்பறை

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதல் எதிரி பழைய தமிழ் எழுத்துரு. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் படிக்கும். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்பில் தமிழ் வடிவத்துக்குப் பின்னால் இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடு. திரையில் அழகாகத் தெரியும், காதில் குப்பையாக ஒலிக்கும். துறையில் பத்து வருடமாகச் சுற்றும் பாடக்குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டால் சில நிமிடத்தில் யூனிகோடு ஆகிவிடும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பக்கம் சரிபாருங்கள். வேர்டு கோப்பு இருந்தால் அதையே கேளுங்கள். புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்; எழுத்துணரி மென்பொருளில் ஓட்டினால்தான் குரல் வரும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே தமிழை ஓரளவு நன்றாக எடுத்துக்கொடுக்கும். ஒளிநகலின் ஒளிநகலைப் போட்டால் ஒன்றும் தேறாது. 300 டிபிஐ அளவில் அசலிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள்.

பாடநூலை இப்படி மாற்றுவது காப்புரிமை மீறல் என்று நூலகர் தயங்கினால், 2012 திருத்தத்துக்குப் பின் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக லாப நோக்கமின்றி அணுகத்தக்க வடிவில் மாற்றுவதை அனுமதிக்கிறது என்று சொல்லுங்கள். சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றிய நூல்கள் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு.

கேட்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதல் வரிசை இருக்கை மட்டும் போதாது. ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது. எழுதி முடித்துத் திரும்பிப் பேச வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டடிக்கும். உதட்டைப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் இரண்டு மொழிகளாக அமைத்துக்கொள்ளலாம். நம் வகுப்புகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வருவதால் தடுமாறத்தான் செய்யும். கைபேசியை மாணவர் மடியில் வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். ஆசிரியர் மேசையில் வைத்தால், அல்லது அவர் சட்டையில் சிறு மைக்கைக் குத்திவிட்டால், பெரிய வித்தியாசம் தெரியும். இதோடு, நன்றாகக் குறிப்பெடுக்கும் இரண்டு மாணவர்களை ஏற்பாடு செய்து, அன்றன்றைய குறிப்பை அன்றே நகலெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால், அவர் விடுப்பெடுக்கும் நாளில் பாடம் போய்விடும். சைகை மொழியே முதல் மொழி என்பவர்கள் சேர்க்கைக்கு முன்பே யோசிக்க வேண்டிய ஒன்றுண்டு: சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கெனத் தனி பி.காம், பிசிஏ வகுப்புகள் நடக்கின்றன.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பயன்படுத்துவோருக்குக் கல்லூரிகள் முதலில் சொல்வது, "லிஃப்டுக்கு நிதி வரட்டும்". அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வகுப்பின் அறையைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாயும் ஆகாது. கால அட்டவணை போடும் ஆசிரியரிடம் ஜூன் மாதமே சொன்னால் போதும். அட்டவணை ஒட்டிய பிறகு சொன்னால் எட்டு வகுப்பைக் கலைக்க வேண்டியிருக்கும், யாரும் செய்ய மாட்டார்கள். சாய்தளம் கட்டுவதாக இருந்தால் 1-க்கு 12 என்ற சரிவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். 15 சென்டிமீட்டர் வீதம் மூன்று படி என்றால் உயரம் 45 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர், ஏறத்தாழ 18 அடி வர வேண்டும். படிகளின் மேல் 6 அடிக்கு சிமென்ட் பூசி "ராம்ப்" என்று பெயர் வைப்பது வழக்கம். அதில் பைக் ஏறும். சக்கர நாற்காலி ஏறாது, ஏறினாலும் இறங்கும்போது கவிழும். கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். கழிப்பறையைக் கட்டிவிட்டுப் பூட்டி, சாவியை அட்டெண்டரிடம் வைப்பது இன்னொரு வழக்கம். சாவியின் ஒரு நகலை மாணவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் நின்று செய்ய முடியாதவர்களுக்கு உயரமான ஸ்டூல் அல்லது தாழ்வான ஒரு மேசை போதும். பார்வையற்றவர்கள் கூட்டாளியோடு செய்முறையைச் செய்து, முறையையும் முடிவையும் வாய்மொழியாக விளக்கும்படி ஏற்பாடு செய்யலாம். ரெகார்டு நோட்டைக் கணினியில் தட்டச்சு செய்து தர அனுமதி கேளுங்கள். பக்கம் பக்கமாகக் கையால் எழுதுவதில் சோதிக்கப்படுவது வேதியியல் அறிவு இல்லை.

வருகைப் பதிவைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 75 விழுக்காடு கேட்கின்றன. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா மாணவருக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் உறுதியாகப் போகும். செமஸ்டர் இறுதியில் குறைவுப் பட்டியல் ஒட்டியபின் கெஞ்சுவதைவிட, சிகிச்சை அட்டவணையைத் தொடக்கத்திலேயே கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மருத்துவமனைச் சீட்டை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

தேர்வு

முதலில் நேரக் கணக்கு. 2018 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம். 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி, 2 மணி நேரத்துக்கு 40 நிமிடம், ஒன்றரை மணி நேரத்துக்கு 30 நிமிடம். 50 நிமிட அகமதிப்பீட்டுத் தேர்வுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 17 வரும். ஐந்தின் மடங்காகத்தான் தர வேண்டும் என்பதால் 20. எழுதுபவர் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த நேரம் உண்டு. "நீயே எழுதுகிறாய், பிறகு எதற்கு நேரம்?" என்ற கேள்விக்கு அந்த வழிகாட்டுதலிலேயே பதில் இருக்கிறது.

அகமதிப்பீட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செமஸ்டர் தேர்வுக்கு அனுமதி வாங்கிவிட்டு, இன்டர்னல் தேர்வை வகுப்பறையிலேயே 50 நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்கும்போது 20 நிமிடம் கூடுதலாக உட்கார முடியாது. துறை அறையில் ஒரு மேசை, பத்து நிமிடம் முன்னதாகத் தொடக்கம், பத்து நிமிடம் பின்னதாக முடிவு என்று துறைத்தலைவரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் தேர்வுக்கான விண்ணப்பத்தை, தேர்வுக் கட்டணம் கட்டும் அறிவிப்பு வந்த வாரமே முதல்வர் வழியாக அனுப்புங்கள். மாற்று வினா கேட்பவர்கள் இன்னும் முன்னால், செமஸ்டர் தொடங்கியதுமே அனுப்ப வேண்டும். வினாத்தாளை வெளியாசிரியர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அச்சாகி, உறையில் முத்திரையிடப்பட்டுவிடும். பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே நினைத்தாலும் மாற்ற முடியாது. தன் தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்த அலுவலர் அதே வளாகத்தில் இருப்பார். நேரில் போய்ப் பாருங்கள்.

எழுதுபவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நீங்களே அழைத்து வருபவரின் கல்வித்தகுதி, தேர்வெழுதுபவரின் தகுதியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்கிறது 2018 விதி. இளநிலைப் பட்டத்துக்கு +2 முடித்தவரைக் கூட்டிவந்தால் சிக்கல் இருக்காது. அதே பாடம் படிக்கும் இளைய வகுப்பு மாணவரைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. வேறு துறையிலிருந்து அழைத்தால் பாதுகாப்பு. மொழிப்பாடத்துக்கு ஒருவர், மற்றவற்றுக்கு ஒருவர் எனப் பாடத்துக்கேற்ப ஆளை மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியே ஏற்பாடு செய்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதுபவரின் அடையாள அட்டை, மதிப்பெண் சான்று, புகைப்படம், உறுதிமொழிப் படிவம் எல்லாம் முன்கூட்டியே போக வேண்டும். மாற்றாள் ஒருவரின் ஆவணங்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். காலையில் காய்ச்சல் வந்தால் ஒன்பதரை மணிக்கு யாரைத் தேடுவது?

அவரோடு குறைந்தது மூன்று முறை, முழு மூன்று மணி நேரம் பயிற்சி செய்யுங்கள். சொல்வதும் தனிக் கலைதான். புதிய பத்தி, தலைப்பு, அடிக்கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றுக்கு இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். கணிதத்தில் "ஏ பிளஸ் பி பை சி" என்றால் முழுவதும் வகுபடுகிறதா, பி மட்டுமா? "அடைப்புத் தொடக்கம், அடைப்பு முடிவு" என்று சொல்லிப் பழகாவிட்டால் மதிப்பெண் போகும். கலைச்சொற்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை ஒரு தாளில் எழுதி இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். வினாத்தாளை முதலில் முழுவதும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லி, எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்த பிறகே தொடங்குங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்வது அவர் வேலை.

தனியறை கேளுங்கள், அதற்கென ஒரு கண்காணிப்பாளரையும் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்க மறந்தால், பொது அறையின் ஓரத்தில் கிசுகிசுத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொல்லை. பெரிய எழுத்து வினாத்தாளை மையத்திலேயே நகலெடுப்பதாக இருந்தால் ஒரு கணக்கு: ஏ4 தாளை ஏ3-க்குப் பெருக்கினால் 141 விழுக்காடு. 12 புள்ளி எழுத்து 17 ஆகும், போதும். 10 புள்ளியில் அச்சிட்ட தாள் 14 தான் வரும், போதாது. உறையைப் பிரித்தபின்தான் நகலெடுக்க முடியும் என்பதால், இயந்திரத்தின் சூடும் மையும் முன்பே சரியாக இருக்க வேண்டும். வினாத்தாள் கைக்கு வந்த நிமிடத்திலிருந்துதான் உங்கள் நேரம் தொடங்குகிறது. அதை விடைத்தாளின் முதல் பக்கத்தில் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏ3 தாளுக்குச் சாதாரண பெஞ்சு போதாது, மேசை வேண்டும்.

கணினியில் தட்டச்சு செய்வதாக இருந்தால் சொந்த மடிக்கணினிக்கு அனுமதி இருக்காது. விசைப்பலகை, தனிவகை மௌஸ் போன்ற துணைக்கருவிகளைக் கொண்டுபோகலாம். முந்தைய நாள் அந்தக் கணினியைச் சோதித்துப் பார்க்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள். என்விடிஏ நிறுவியிருக்கிறதா, தமிழ்க் குரல் வருகிறதா, ஹெட்போன் துளை வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பாருங்கள்.

காலை 10 முதல் 1 வரையிலான தேர்வு உங்களுக்கு 2 மணி வரை போகும். அதே நாள் பிற்பகல் 2 மணிக்கு அரியர் தேர்வும் இருந்தால் இடையில் ஒரு வாய் சோறு தின்ன நேரமில்லை. கால அட்டவணை வெளியானதும் இதைப் பார்த்து, இரண்டாவது தேர்வை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்க எழுதிக் கேளுங்கள். இடைவேளை முழுவதும் மையத்தின் கண்காணிப்பில் இருப்பதாகச் சேர்த்து எழுதினால் ஒப்புக்கொள்வது அவர்களுக்கு எளிது. அப்படித் தள்ளினால் பிற்பகல் தேர்வு கூடுதல் நேரத்தோடு 7 மணிக்கு முடியும். ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் இப்போதே பாருங்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முதன்மைக் கண்காணிப்பாளரை நேரில் பார்த்து, "அனுமதி ஆணை உங்கள் கோப்பில் இருக்கிறதா? நாளை எந்த அறை, கண்காணிப்பாளர் யார்?" என்று கேளுங்கள். ஆணையின் ஒரு நகலை ஹால் டிக்கெட்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். நேரம் முடிந்தது என்று கையை நீட்டுபவரிடம் காட்ட வேண்டியது அதுதான். விடைத்தாள்களைக் கட்டி அனுப்பும் ஊழியருக்கும் தகவல் போயிருக்க வேண்டும், கட்டு 1.15-க்குக் கிளம்பிவிட்டால் உங்கள் தாளைத் தனியாக அனுப்பும் அலைச்சல் பயத்திலேயே அவசரப்படுத்துவார்கள்.

இவை கல்லூரி, பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கானவை. வங்கி, தேர்வாணையம் போன்ற போட்டித் தேர்வுகளில் எழுதுபவர் குறித்த விதிகள் தனி. அந்தந்த அறிவிக்கையைப் படித்துத்தான் போக வேண்டும்.

மறுத்தால்

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். "அருள்கூர்ந்து காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டாலே பாதிப் பேர் கோப்பை மறுபடி திறப்பார்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டு. அதன்பின் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் நேரடியாக, முதல் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியோடு. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் "என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்த படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். 2016 சட்டத்தின்படி விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. ஆவணங்களைக் கேட்கலாம், ஆட்களை அழைக்கலாம். அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட நிறுவனம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை; சம்பவங்களைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, முத்திரை வாங்கிய கடித நகல்களை இணைத்தால் போதும். தேர்வு பத்து நாளில் இருக்கிறது, இன்னும் ஆணை வரவில்லை என்ற நிலையில் ஆணையரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரமிருக்காது. அப்போது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த இலவச உதவி வருமான வரம்பின்றிக் கிடைக்கும்.

தேர்வறையிலேயே மறுத்தால் சண்டை போட்டு நேரத்தை இழக்க வேண்டாம். கிடைக்கும் நேரத்தில் எழுதுங்கள். வெளியே வந்ததும், அன்றே, எத்தனை மணிக்குத் தாளை வாங்கினார்கள், ஆணையைக் காட்டினீர்களா, யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அன்று மாலைக்குள் மின்னஞ்சலும் மறுநாள் விரைவு அஞ்சலும். முடிவு வெளியான பிறகு கொடுக்கும் புகாரைத் தோல்விக்குச் சொல்லும் சாக்காகவே பார்ப்பார்கள்.